என் கலியாணத்துக்கு அடிக்குறிப்பு

வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி, புத்தகம் எழுதுகிறவர் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள் என்பதுதான். நன்றாகச் சமைக்கிற வீடென்றால் எண்ணெய்க் கறையோடு விட்டுவிடும். பிள்ளைகள் உள்ள வீடென்றால் சுவரில் கிறுக்கியதைத் துடைத்தால் முடிந்தது. புத்தகம் எழுதுகிற வீட்டில் எது குப்பை, எது பொக்கிஷம் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. நீங்கள் கை வைத்த உடனே மட்டும் எல்லாம் பொக்கிஷமாகிவிடும்.

தொண்ணூறுகளில் பலெர்மோவில் அப்படி ஒரு வீடல்ல, இரண்டு வீடுகளில் நான் அகப்பட்டேன். திங்கள், புதன், வெள்ளி கால்சாப் பகுதியில் சிஞ்ஞோரா லூச்சியா வீடு; சிஞ்ஞோரா என்றால் அங்கே அம்மணி. செவ்வாய், வியாழன் வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் பேராசிரியர் கார்மேலோ வீடு. இருவரும் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள். இருவரும் ஆராய்ந்ததும் ஒரே விஷயம்: 1915இல் ஓட்டோமான் அரசு தன் ஆர்மீனியக் குடிமக்களை வீடு வீடாகக் கிளப்பி, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் சிரியப் பாலைவனம் வரை நடக்கவிட்டு அழித்தது. இருவரும் சேர்ந்து அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரேயொரு சிக்கல், இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. துடைப்பமும் கையுமாக நிற்கிற என் சக தும்புத்தடிகளே, என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் கதைத்ததெல்லாம் இத்தாலியனில். என் வாயில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரை யாருடையது

சிஞ்ஞோரா வீட்டில் எனக்கு இரண்டாவது நாள். அவர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். படிப்பறையைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. கதவிலிருந்து ஜன்னல் வரை தரை முழுக்கக் கடுதாசி. எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கடுதாசியில் கால் பட்டால் என்ன ஆகும் என்று. சரஸ்வதி போனால் திரும்ப வரமாட்டாள். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றி, பெரியது கீழே சின்னது மேலே என்று மேசையில் அடுக்கினேன். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. தரையையும் கழுவிப் பளபளப்பாக்கிவிட்டு, என் திறமையை நானே மெச்சிக்கொண்டு நின்றேன்.

சிஞ்ஞோரா வந்து பார்த்தார். அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தரை வெறும் தரை இல்லை, வரைபடம். கதவடி இஸ்தான்புல். ஜன்னல் பக்கம் கருங்கடல். சூடாக்கி இருக்கிற மூலை சிரியப் பாலைவனம். எந்த ஊரில் இருந்த கொன்சல், அதாவது வெளிநாட்டுத் தூதர், எழுதிய கடிதமோ, எந்த ஊரிலிருந்து தப்பிய மனிதர் சொன்ன சாட்சியமோ, அந்தந்த ஊர் இருக்கும் இடத்தில் வைத்திருந்தாராம். ஏழு மாத வேலை. நான் ஒரு நாட்டையே அளவுப்படி அடுக்கி மேசையில் வைத்திருந்தேன். என்னை அன்றோடு அனுப்பியிருக்கலாம், அவ்வளவுக்கு எனக்குப் பயம். கால் படுகிற கதையை எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அழுதழுது சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் சப்பாத்தை வெளியே வைத்துவிட்டு வந்து சொன்னார்: "சாரதா, இண்டையில இருந்து இந்த அறைக்குள்ள நானும் வெறுங்காலோடதான் வருவன். ஆனா தரை என்ர, மேசை உங்கட."

தபால்காரி

இருவருக்கும் ஏன் பேச்சு இல்லை என்று கேட்டால் இருவரும் ஒரு மணித்தியாலம் விளக்குவார்கள். நான் மா அரிக்கிற மாதிரி அரித்து எடுத்தது இவ்வளவுதான். அழித்தார்கள் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எப்போது தீர்மானித்தார்கள், அதை எதைக்கொண்டு காட்டுவது என்பதில்தான் சண்டை. எல்லா ஊரிலும் தப்பியவர்கள் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், அந்த ஒரே மாதிரியே திட்டம் இருந்ததற்குச் சாட்சி என்பார் சிஞ்ஞோரா. அது காணாது, போர் நடக்க நடக்க மேலிடம் மாதத்துக்கு மாதம் கொடூரமாகிக்கொண்டே போனது, அதைத் தந்தி, கொன்சல் கடிதம், போருக்குப் பிறகு நடந்த வழக்குப் பதிவுகள் என்று ஒவ்வொன்றாக வைத்துத்தான் காட்ட வேண்டும் என்பார் பேராசிரியர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்தால் இருபது நிமிஷம். கடித உறையும் வாய்ச்சொல்லும் என்னிடம்தான் போய்வந்தன.

உறையை அப்படியே கொடுத்துவிடுவேன். வாய்ச்சொல்லைத்தான் கொஞ்சம் கழுவ வேண்டியிருந்தது. "அவளின்ர ரெண்டாம் அத்தியாயம் சரித்திரமில்லை, கோயில் பிரசங்கம்" என்று பேராசிரியர் சொல்லியனுப்பினால், நான் சிஞ்ஞோராவிடம், "இரண்டாம் அத்தியாயத்தை வாசிச்சு மனசு உருகிப் போச்சாம்" என்பேன். ஒரு நாள் சிஞ்ஞோரா கொதித்துப்போய், "அந்த மனிசனுக்கு ஆக்கள் செத்தது காணாது, ஒவ்வொரு சாவுக்கும் மேல அரசாங்கம் முத்திரை குத்தியிருக்க வேணும். கொலைகாரன் ரசீது குடுப்பானோ எண்டு கேளுங்கோ" என்றார். கேட்டால் எனக்கு இரண்டு வீட்டு வேலையும் போகும். அடுத்த நாள் பேராசிரியரிடம், "முத்திரை உள்ள கடிதங்களை உங்களை மாதிரிப் பார்க்கிறதுக்கு வேற ஆள் இல்லையாம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். அவர் பின்னாலேயே வந்து, எனக்குத் தன் கையால் கோப்பி ஊற்றித் தந்தார். "பாத்தீங்களோ சாரதா, மூண்டு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கும் புத்தி வந்திட்டுது."

மேசையில் கதிரை இல்லை

புத்தகத்தை அச்சிடப் போகிறவர் இருவரையும் சமாதானப்படுத்த ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்தார், சிஞ்ஞோரா வீட்டில். இருவரும் மேசையின் இரண்டு அந்தத்தில் இருந்தார்கள். "சாரதா, உப்பை இஞ்சாலை தரச்சொல்லி அவரிட்டைச் சொல்லுங்கோ." "சாரதா, உப்பு அவவுக்கு முன்னாலதான் கிடக்குது எண்டு சொல்லுங்கோ." நான் இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது, சிஞ்ஞோராவின் தூரத்து உறவினர் ஒருவர். கப்பல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், வேறு அலுவலாக வந்து சாப்பாட்டு வாசனைக்கு உட்கார்ந்துவிட்டார்.

மீன் பரிமாறும்போது அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, போர் என்றால் இரண்டு பக்கமும் சாவதுதான், குளிரிலும் நோயிலும் செத்திருப்பார்கள், இதற்கு ஏன் ஒரு புத்தகம் என்று ஆரம்பித்தார். இப்படி ஒரு குரலை நான் வேறு இடத்தில், வேறு மொழியில் கேட்டிருக்கிறேன். கரண்டியில் இருந்த குழம்பு கொஞ்சம் விரிப்பில் சிந்தியது. சிஞ்ஞோராவின் முகம் சிவந்தது. ஆனால் முதலில் எழுந்து நின்றது பேராசிரியர். எந்த நாட்டுக் கொன்சல், எந்தத் தெருவில் நின்று, எதைக் கண்டு எழுதினான் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எதிரி நாட்டுக்காரன் எழுதியதை விட்டுவிடுவோம், ஓட்டோமானுக்குத் தோள் கொடுத்த கூட்டாளி நாடுகளின் கொன்சல்மாரே தங்கள் அரசுக்கு இப்படி எழுதினார்கள் என்றார். பேப்பர் இல்லை, புத்தகம் இல்லை, எல்லாம் மனப்பாடம். கப்பல்காரர் சாப்பிட்டு முடிக்கவில்லை, ஆனாலும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையை நான் எடுத்துவிட்டேன். பேராசிரியர் அதைக் கண்டும் காணாத மாதிரி அவரிடம் சொன்னார்: "நானும் லூச்சியாவும் அடிபடுறது எப்ப தீர்மானிச்சவங்கள் எண்டதுக்கு. நீங்க கேக்கிறது நடந்ததோ எண்டு. அந்தக் கேள்விக்கு இந்த மேசையில கதிரை இல்லை."

கசெற் அம்மா

அந்தச் சாப்பாட்டோடு சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடுத்த வாரமே புதுச் சண்டை. சிஞ்ஞோரா பல வருஷங்களுக்கு முன் இத்தாலியிலேயே பாரி நகரத்தில் ஒரு ஆர்மீனிய மூதாட்டியின் வாய்மொழியைக் கசெற்றில் பதிந்திருந்தார். துரத்தப்பட்டபோது அந்த அம்மாவுக்கு எட்டு வயது. தாயோடும் தங்கையோடும் நடந்தவர், பாலைவனத்துக்குத் தனியாகத்தான் போய்ச் சேர்ந்தார். பிறகு அகதியாக இத்தாலிக்கு வந்து, இங்கேயே கிழவியாகிச் செத்தும் போனார். நான் இஸ்திரிக்கை போடும்போது பக்கத்து அறையில் சிஞ்ஞோரா அந்தக் கசெற்றைத் துண்டு துண்டாகப் போட்டுக் கேட்பார். அந்தக் குரல் அழாது. கடைக்குப் போய்வந்த கதை மாதிரித்தான் சொல்லும். அதனால்தான் எனக்கு இஸ்திரிக்கைப் பெட்டியை வைத்துவிட்டு நிற்க வேண்டி வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, போரில், என் அம்மாவும் அப்படித்தான், கொட்டும் மழையில் ஊரோடு சேர்ந்து யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தார். தொலைபேசியில் எனக்குச் சொன்னதும் அதே அமைதியான குரலில்தான்.

பேராசிரியர் அந்தச் சாட்சியத்தைப் புத்தகத்திலிருந்து வெட்டவேண்டும் என்று நின்றார். காரணம் ஐந்து நாள். தங்கள் கோயில் திருநாளன்று தங்களைத் துரத்தினார்கள் என்கிறார் அந்த அம்மா. அந்த ஊரில் இருந்த கொன்சலோ, சனம் ஊரைவிட்டுப் புறப்பட்டது அதற்கு ஐந்து நாள் கழித்து என்று எழுதியிருக்கிறான். பழைய நாட்காட்டி, புது நாட்காட்டி எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தாயிற்று, ஐந்து நாள் இடிக்கத்தான் இடிக்கிறது. "ஒரு எட்டு வயதுப் பிள்ளை ஐஞ்சு நாள் பிழைவிடக் கூடாதோ?" என்று அவருடைய அலுமாரியைத் துடைத்தபடி கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, சோர்வுதான் வந்தது. "பிள்ளை பிழைவிடலாம், புத்தகம் பிழைவிடேலாது. அண்டைக்கு மீன் திண்ட அந்த மனிசன் மாதிரி ஆயிரம் பேர் பாத்துக்கொண்டிருக்கிறாங்கள், சாரதா. ஒரு திகதி பிழைச்சால் முழுப் புத்தகத்தையும் தூக்கி எறிவாங்கள்."

கெஸ்தூரா

இனி என் கதை. கலியாணம் கட்டி எட்டாம் மாதம் நான் இத்தாலிக்கு வந்துவிட்டேன். பின்னால் வருகிறேன் என்ற இவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் நாலரை வருஷமாக நின்றார். ஒருவழியாக என் பெர்மெஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, சரியாகி, புருஷனைக் கூப்பிட மனுப் போடலாம் என்று வந்தது. கலியாணப் பதிவுப் பத்திரம் கேட்டார்கள். அது ஊரில், வீட்டு அலுமாரியில் இருந்தது. இடப்பெயர்வில் அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. பதிவுக் கந்தோருக்கு ஆள் அனுப்பவும் வழியில்லை, போரால் பாதை பூட்டு. சரி, இரண்டு பேரும் தனித்தனியே சத்தியக் கடுதாசி கொடுங்கள் என்றார்கள். நான் பலெர்மோவில் கொடுத்தேன், இவர் கொழும்பில் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துக் கெஸ்தூராவில், அதாவது பொலிஸ் கந்தோரில், கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் நல்ல மனிதர், எனக்கு இருக்கக் கதிரை காட்டினார். இரண்டு கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கலியாணத் திகதி இரண்டிலும் வேறு வேறாம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து மாதம். கூப்பிடுவதற்காகக் கட்டிவிட்ட பொய்க் கலியாணம் என்று மேலிடம் நினைத்தால் மனு தள்ளுபடி, பிறகு இவர் வரவே முடியாது. விளக்கம் கொடுக்க மூன்று வாரம் தந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "சிஞ்ஞோரா, இதைப் பாத்தால் உங்கள் ரெண்டு பேரில ஒராள் கலியாணம் கட்டேல்லை."

ரெலிபோன் கடை

பல்லரோ சந்தையில் தக்காளிக் கடைகளுக்குப் பின்னால் கானா நாட்டுப் பெண் ஒருத்தி ரெலிபோன் கடை வைத்திருந்தாள். நாலு கூடு, நாலிலும் கதவு ஒழுங்காகப் பூட்டாது. கொழும்பு லொட்ஜுக்கு எடுத்தேன். இவர் வந்து "ஹலோ" என்றதும் நான் தொடங்கினேன். "கலியாணத் திகதி என்னெண்டு எழுதினீங்கள்?" "கலியாணத் திகதியைத்தான் எழுதினன்." "கட்டின நாளை மறந்திட்டு நிண்டு கதைக்கிறீங்களோ?" "நான் மறக்கேல்லை, நீர்தான் இத்தாலிக்குப் போய் எல்லாத்தையும் மறந்திட்டீர்." "அண்டைக்கு உங்கட அம்மா பலகாரம் காணாதெண்டு முகத்தை நீட்டினது கூட எனக்கு ஞாபகம்." "என்ர அம்மாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீர்?"

திகதியைத் தவிர மற்றதெல்லாம் கதைத்தோம். என் சித்தியின் மோதிரம், இவருடைய தம்பி குடித்துவிட்டு வந்தது, யார் முதலில் கடிதம் போடாமல் விட்டது. கடைசியில் இவர் குரல் உடைந்து, "உண்மையைச் சொல்லும், நான் வாறது உமக்கு விருப்பமில்லையோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துபோனது. நான் ரிசீவரைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றேன். கடைக்காரி ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து தந்து, என்ன பிரச்சினை என்று கேட்டாள். கலியாணம் நடந்ததைப் பொலிஸ் நம்பவில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "உங்கட பாஷையில ஒரு சொல்லும் எனக்கு விளங்காது, அக்கா. ஆனா உங்களுக்குக் கலியாணம் நடந்தது நிச்சயம். கட்டாத ஆக்கள் இப்பிடிப் பேசமாட்டினம்."

நாட்காட்டி

அழுத முகத்தோடு வேலைக்குப் போனால் சிஞ்ஞோரா விடுவாரா? முழுவதையும் கேட்டார். "முத்திரை, திகதி எண்டால் எனக்கு ஏலாது. அதுக்கு அந்த மனிசன்தான் சரி" என்று சொல்லி, தானே ரெலிபோனை எடுத்துச் சுழற்றினார். மூன்று வருஷத்தில் அவர் பேராசிரியரோடு பேசிய முதல் வார்த்தை, "உடனே வா, சாரதாவுக்கு ஆதாரம் வேணும்" என்பதுதான். இருபது நிமிஷ நடைத் தூரத்தை அவர் பத்து நிமிஷத்தில் வந்தார், கையில் பூதக்கண்ணாடியோடு.

என்னிடம் இருந்த ஆதாரம் இரண்டு படம். கைப்பையில் கொண்டுதிரிந்து ஓரம் தேய்ந்தவை. மேசையில் வைத்தேன். பேராசிரியர் குனிந்து பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. ஒரு படத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை, எனக்குக் கூறைச்சேலை, கழுத்தில் மாலை. மற்றதில் மாப்பிள்ளைக்கு நீளக் காற்சட்டை, மீசை. எனக்கு வேறு சேலை, கழுத்தில் தாலி இல்லை, ஒரு பெரிய புத்தகத்தில் குனிந்து கையெழுத்து வைக்கிறேன். "சாரதா, இது ரெண்டும் ஒரே கலியாணமில்லையே?" என்று மெல்லக் கேட்டார். நான் பொறுமை இழந்தேன். "என்ன கதை இது! ஒண்டு எழுத்து, மற்றது தாலிகட்டு!" என்று கத்தியே விட்டேன். கத்திய வாய் அப்படியே நின்றது.

உங்களுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். எங்கள் ஊரில் கலியாணத்துக்கு முன்னால் எழுத்து. பதிவுகாரர் வீட்டுக்கு வந்து பதிந்துவிட்டுப் போவார், தாலி பிறகு நல்ல நாள் பார்த்து. எங்கள் எழுத்து ஆவணியில், தாலிகட்டு தையில். ஐயர் தையில்தான் நாள் இருக்கு என்றார், மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கமாட்டோம் என்றார்கள், அதனால் எழுத்தை முந்திவிட்டார்கள். தாலி ஏறிய நாள்தான் எனக்குக் கலியாணம். இவரோ கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர், கையெழுத்து வைத்த நாள்தான் இவருக்குக் கலியாணம். இத்தனை வருஷம் குடும்பத்தில் ஒருவரும் கலியாணத் திகதி என்னவென்று எங்களைத் தனித்தனியே கேட்டதில்லை, அதனால் இரண்டு பேருக்கும் இது தெரியவே இல்லை.

பேராசிரியர் இப்போது எழுத்துப் படத்தைப் பூதக்கண்ணாடியால் துழாவினார். சுவரில், பதிவுகாரரின் தலைக்கு மேல், நாள் கிழிக்கிற நாட்காட்டி ஒன்று தொங்கியது. அதில் மாதமும் இலக்கமும் தெரிந்தன. இவருடைய சத்தியக் கடுதாசியில் இருந்த அதே மாதம், அதே இலக்கம். மனிதர் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினார். எங்கள் வீட்டு நாட்காட்டியை ஒருவரும் அன்றன்றைக்குக் கிழிப்பதில்லை, ஞாபகம் வந்தால் ஐந்தாறை ஒன்றாகக் கிழிப்போம் என்பதை நான் சொல்லப் போனேன். சிஞ்ஞோரா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பேராசிரியர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு சாட்சியும் உண்மை சொல்லியிருக்கினம். கேட்டவன்தான் ஒரு நாளை மட்டும் கேட்டிருக்கிறான்."

ஒரே ஆளை இரண்டு தரம்

அவர்கள் இருவரும் சேர்ந்து தயாரித்த விளக்கம் பதினொரு பக்கம். எழுத்து என்றால் என்ன, தாலிகட்டு என்றால் என்ன, இரண்டுக்கும் நடுவில் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கலாமா கூடாதா என்பது வரை இருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு. நாட்காட்டிக்கு மட்டும் ஒரு அடிக்குறிப்பு: மாதத்துக்கு ஆதாரமாகக் கொள்ளலாம், நாளுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. அதை எழுதியது பேராசிரியர்தான். நான் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன், சிஞ்ஞோரா மிதித்தும்.

கெஸ்தூரா அலுவலர் பதினொரு பக்கத்தையும் முழுக்க வாசித்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முறுமுறுத்தது. இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலைப்பாகை கட்டியவருக்கும் மீசை வைத்தவருக்கும் ஒரே மூக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குத்திவிட்டு அவர் சொன்னார்: "நான் ஒருதரம்தான் கட்டினன், சிஞ்ஞோரா. நீங்க அதே ஆளை ரெண்டுதரம் கட்டியிருக்கிறீங்கள். தைரியம்தான்."

கேள்வி

இது முத்திரைக்கு முன்னால், படம் பார்த்த அன்றே நடந்தது. வேணுமென்றுதான் கடைசிக்கு வைத்தேன். பேராசிரியர் துள்ளி முடித்து, சிஞ்ஞோரா கோப்பி போட்டுக் கொண்டுவந்து, இருவரும் மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரே பக்கத்தில் இருந்தார்கள். நான் படங்களைக் கைப்பைக்குள் வைத்தபடி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்: "ஒரு கலியாணத்துக்கே ரெண்டு நாள் வேணுமெண்டால், ஒரு ஊரை அழிக்கிறதுக்கு ஒரு நாள் காணுமோ? உங்கட கசெற் அம்மா எந்த நாளைச் சொன்னவவோ?"

இருவரும் கோப்பியைக் கீழே வைத்தார்கள். சிஞ்ஞோரா கசெற்றைப் போட்டார். பேராசிரியர் அதுவரை வாசித்தது தட்டச்சுப் பிரதியைத்தான். வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று சிஞ்ஞோரா அதில் தன் கேள்விகளையும் குறுக்குப் பேச்சையும் எடுத்துவிட்டு, அந்த அம்மாவின் பதில்களை மட்டும் கோத்திருந்தார். கசெற்றில் எல்லாம் இருந்தது. இளமையான சிஞ்ஞோராவின் குரல், ஊரை விட்டுப் புறப்பட்ட நாள் எது என்று கேட்டது. "திருநாளண்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாங்கள். அவரின்ர செருப்பு வாசலிலயே கிடந்தது..." என்று தொடங்கியது அந்த அமைதியான குரல். உடனே இளமைக் குரல் குறுக்கே வந்தது: அது இருக்கட்டும், நீங்கள் புறப்பட்ட நாள்? கொஞ்ச நேரம் கசெற் வெறுமனே ஓடியது. "திருநாளண்டுதான் எண்டு சொன்னனே."

பேராசிரியர் கொன்சலின் கடிதத்தைத் தேடினார். அது தரையில் அந்த ஊர் இருந்த இடத்தில் கிடந்தது. சப்பாத்தோடு போகப் பார்த்தார், நான் தடுத்தேன், கழற்றிவிட்டுப் போனார். சனம் ஊரைவிட்டு நடந்த நாளைச் சொல்லும் பக்கத்துக்கு ஒரு பக்கம் முன்னால், ஆண்களை முகாமுக்கு வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு போனதைக் கொன்சல் எழுதியிருந்தான். ஐந்து நாள் முன்னால். அந்தப் பக்கத்தை அவர் நூறு தரம் வாசித்தவர். தப்பியவர்களின் ஞாபகத்தை நம்பாத மனிதர், வெறுங்காலோடு அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே குந்திவிட்டார். சாட்சியம் புத்தகத்தில் நிற்கும் என்று ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் சிஞ்ஞோராவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கசெற்றை நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருந்தார். "அந்த மனிசி எனக்குத் தன்ர தகப்பனைச் சொன்னவ, சாரதா. நான் நாளைக் கேட்டன். திரும்பவும் நாளைத்தான் கேட்டன்."

அடுத்த வருஷம் புத்தகமும் வந்தது, இவரும் வந்தார், இரண்டையும் தூசி தட்டுகிற என் அனுபவத்தில் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பது புத்தகம் மட்டும்தான்.